கீழிருந்து வரும் வெளிச்சம்

நெருஞ்சிப் பூவைப் படம் எடுக்க வேண்டுமென்றால் குப்புறப் படுத்தாக வேண்டும். குந்தி உட்கார்ந்து எடுத்தால் தரையில் ஒட்டிய மஞ்சள் பொட்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நம் கண் பூவின் உயரத்துக்கு இறங்கினால்தான் ஐந்து இதழும் தனித்தனியாக எழுந்து நிற்கும். இறங்கினால் முழங்கையில் முள் ஏறும். எண்ணூர் கழிமுகத்துக்குப் போகும் மண்பாதையில் அப்படிப் படுத்துக் கிடந்த ஒரு காலையில், இடுப்பில் கூடையோடு வந்த ஆயா ஒருவர் நின்றுவிட்டார்.

"இன்னாப்பா, இன்னா தொலைச்ச?"

"ஒண்ணும் இல்ல ஆயா. பூ எடுக்கறேன்."

"பூ பறிக்க எதுக்குப் படுத்துனு கீற?"

"பறிக்கல. போட்டோ."

குனிந்து பார்த்தார். "நெருஞ்சி. இத்தப் போயி எடுக்கறான் பாரு. கால்ல குத்துனாத் தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். அவர் செருப்பு போட்டிருக்கவில்லை.

எனக்கு மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு வேலை. உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி, சீல் நம்பர், லாரி நம்பர், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி பில் போட வேண்டும். ஷிப்ட் முடிவது காலை ஆறு மணிக்கு. சென்னையில் மே மாதக் கடைசியில் சூரியன் ஐந்தே முக்காலுக்கு முன்னாலேயே வந்துவிடும். தை மாதத்தில் ஆறரை ஆகிவிடும். ஆகவே தை, மாசியில் எனக்குச் சூரியனைவிட ஒரு அரை மணி நேரம் முன்கூட்டியே விடுதலை கிடைக்கிறது. அந்த அரை மணியில் பைக்கை எண்ணூருக்கு ஓட்டிவிடலாம். பழைய கேமரா ஒன்று, கையால் ஃபோகஸ் செய்யும் மேக்ரோ லென்ஸ் ஒன்று, இரண்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. ஃபிளாஷ் கிடையாது. வாங்கக் காசில்லாமல் ஆரம்பித்தது, பிறகு கொள்கை மாதிரி ஆகிவிட்டது. சூரியன் தருவது போதும் என்று நண்பர்களிடம் கொஞ்சம் கர்வமாகவே சொல்வேன்.

வடசென்னைக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கீழே பார்த்து நடக்காதவர்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தண்டவாளக் கருங்கல் இடுக்குகளில் மூக்குத்திப்பூ வருடம் முழுக்க நிற்கிறது. காசிமேட்டில் சுடுகாட்டு மல்லி. அதைத்தான் நர்சரியில் நித்தியகல்யாணி என்று பேர் மாற்றித் தொட்டியில் விற்கிறார்கள். அதிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்கிற புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள். திருவொற்றியூரில் சுவரோரம் தும்பை. எர்ணாவூர் தாண்டினால் எருக்கு, கொழுஞ்சி, ஊமத்தை. கழிமுகத்துக்கு வந்துவிட்டால் உமரியும் கண்டலும். மார்கழி மழை நன்றாகப் பெய்த வருடத்தில் லாரி நிற்கும் இடத்தில்கூட விஷ்ணுகிரந்தி நீலமாய்க் கண் திறக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்று பள்ளியில் படித்தோம். மலையில் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். நான் மட்டும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டி நாற்பதைத் தாண்டிவிட்டேன். என்ன, கபிலர் காலத்தில் டிரெய்லர் லாரி இல்லை.

இந்தக் கரையின் வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. கிழக்கே கடல், நடுவில் மறைக்க எதுவும் இல்லை. சூரியன் தண்ணீரைவிட்டு ஏறிய முதல் பதினைந்து இருபது நிமிடம் வெளிச்சம் தரையோடு தரையாகப் படுத்து வரும். கை உயரச் செடிக்கு ஆள் உயரத்தைவிட நீளமான நிழல். அடும்புக் கொடிக்கு அதுதான் நேரம். அடும்பு காலையில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். பூவின் உள்பக்கம் ஐந்து பட்டைகள் நட்சத்திரம் மாதிரி ஓடும். முன்னால் நின்று எடுத்தால் அது தெரியாது. பூவுக்குப் பின்னால் சூரியன் வரும்படி நின்றால் ஊதா இதழ் விளக்கு ஏற்றிய காகிதக் கூண்டு மாதிரி ஆகிவிடும், நட்சத்திரம் தெரியும். இலையைச் சங்கக் கவிஞர்கள் மான் குளம்பு என்றார்கள். லத்தீன் பேர் வைத்தவர்கள் ஆட்டுக்கால் என்றார்கள். எனக்கு மான் பக்கம்தான் ஓட்டு.

ஆனால் அடும்புக்கு மணல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்டினார்கள். வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் தடுக்கி நின்றது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து கடல் உள்ளே வர ஆரம்பித்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பதில் ஒரு பகுதி எங்கள் மணல் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. இப்போது காசிமேட்டிலிருந்து வடக்கே நெடுகக் கருங்கல் கொட்டிவைத்திருக்கிறது. கல்லின் மேல் அடும்பு ஏறாது. எங்கே இரண்டு கல்வரிசைக்கு நடுவில் கொஞ்சம் மணல் ஒதுங்கியிருக்கிறதோ அங்கே கொடி இருக்கும். தாழங்குப்பம் என்று ஒரு மீனவக் கிராமம் இருக்கிறது. பேரிலேயே தாழை. போன நாட்களில் எல்லாம் தேடியிருக்கிறேன், ஒரு தாழம்பூவும் என் கண்ணில் பட்டதில்லை.

*

அப்பா போட்டோகிராபர். திருவொற்றியூரில் ஒரு ஸ்டுடியோவில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தார். சொந்த ஸ்டுடியோ இல்லை, சம்பளம்தான். அங்கே சுவர் முழுக்க ஒரு படுதா. பளிங்குப் படிக்கட்டு, நீரூற்று, இரண்டு பக்கமும் ரோஜாத் தோட்டம். அப்படி ஒரு தோட்டம் திருவொற்றியூரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர், வலை பின்னுகிறவர், தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள், எல்லோரும் அந்தத் தோட்டத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பிறந்த முப்பதாம் நாளில் எடுத்த படத்திலும் அந்த ரோஜாக்கள்தான்.

அப்பாவுக்கு வெயிலைப் பிடிக்காது. "உச்சி வெயில்ல ஆளை நிக்கவெச்சா கண்ணு ரெண்டும் குழி விழுந்துடும்டா. மூக்குக்குக் கீழ மீசை மாதிரி நிழல் வரும். பொம்பளைக்கும் வரும்" என்பார். குடை கட்டிய இரண்டு பெரிய பல்பு, எதிரே வெள்ளை அடித்த தெர்மோகோல். அதுதான் அவர் உலகம். கல்யாணத்துக்கு வெளியே எடுக்கப் போனாலும் மரத்தடி, திண்ணை, சாமியானா நிழல் என்று தேடிக்கொண்டு போவார். தெர்மோகோலைப் பிடிப்பது என் வேலை. நான் மூன்றாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும், மேலிருந்து வருகிற வெளிச்சம் முகத்தில் நிழலை உண்டாக்கும், கீழிருந்து திருப்பிவிடுகிற வெளிச்சம் அந்த நிழலை அழிக்கும் என்று. கையை இரண்டு அங்குலம் தாழ்த்தினால் "எங்கடா தூங்கறியா" என்று ஒரு சத்தம் வரும்.

அவருக்கு இன்னொரு திறமை இருந்தது, டச்சிங். நெகட்டிவை அடியில் விளக்கு வைத்த சாய்வுப் பலகையில் போட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து அம்மைத் தழும்பை மறைப்பார். பெண் பார்க்க அனுப்புகிற படம் என்றால் கேட்கவே வேண்டாம். "பொய்யாப்பா இது?" என்று ஒருமுறை கேட்டேன். "பொய் இல்லடா. அந்தப் பொண்ணு வூட்டுல சிரிக்கும்போது இப்படித்தான் இருக்கும். இங்க வந்து பயந்துடுச்சு" என்றார். அது தழும்புக்குப் பதில் இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப வருடம் ஆனது.

டிஜிட்டல் வந்தது, ஸ்டுடியோ ஜெராக்ஸ் கடையானது. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பூ எடுக்க ஆரம்பித்தபோது பார்த்துவிட்டு, "பூவு பேசாது, கண்ணு மூடாது, காசு குடுக்காது. நல்ல கஸ்டமர்" என்றார்.

பூ கண் மூடாதுதான், ஆனால் நிற்காது. கடற்கரையில் கடல்காற்று எழும்பிவிட்டால் அவ்வளவுதான். விடியலில் ஒரு இடைவெளி இருக்கும். ராத்திரிக் கரைக்காற்று அடங்கி, கடல்காற்று இன்னும் கிளம்பாத நேரம். அப்போது தும்பை அசையாமல் நிற்கும். வெள்ளைப் பூவுக்கு நேர் வெயில் ஆகாது, இதழ் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும், உள்ளே கோடு எதுவும் நிற்காது. மேகம் மூடிய நாள்தான் தும்பைக்கு. மஞ்சள் வேறு வகைத் தொல்லை. நெருஞ்சி, ஆவாரை இரண்டிலும் கேமரா சிவப்பை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு இதழை மெழுகு பூசியதுபோல் காட்டும். கொஞ்சம் இருட்டாக எடுத்தால்தான் நரம்பு தெரியும். குறுந்தொகையில் ஒரு பெண் தன் காதலனைச் சூரியன் என்றும் தன்னை நெருஞ்சி என்றும் சொல்கிறாள், அந்தப் பூ சூரியனையே பார்த்துத் திரும்பும் என்பதால். இன்னொருத்தி, பார்க்க அழகாய் இருந்து பிறகு முள்ளாகிப் போன அதே நெருஞ்சியைச் சொல்லி அழுகிறாள். இரண்டு பேருமே செடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தவர்கள். சந்தேகமில்லை.

*

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். எப்போதும் இடது தோள். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். வயசாச்சு என்று அம்மா சொன்னாள், நானும் சொன்னேன். பேப்பர் படிக்கிறார், ஊசியில் நூல் கோக்கிறார், கண்ணில் என்ன இருக்கப் போகிறது? எட்டு மாதம் அப்படியே விட்டோம். பஸ் படியில் தவறி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கிளாகோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓரம்தான் முதலில் போகும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் இருக்கும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், தினமும் சொட்டு மருந்து விட வேண்டும்.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வட்டம். நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. எனக்கு அதைப் பார்த்தவுடனே என்ன ஞாபகம் வந்தது என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என் படங்கள்தான் ஞாபகம் வந்தன. நடுவில் ஒரு பூ துல்லியமாக, சுற்றியிருப்பது எல்லாம் கரைந்து கறுப்பாக. அதைத்தான் நான் அழகு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு, பிரின்ட் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம் வந்தது. போனில் காட்டினால் கண் கூசும் என்பார். பிரின்டை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, டார்ச் அடிப்பது போலப் பார்வையை இடமிருந்து வலம் நகர்த்தி நகர்த்தி முழுப் படத்தையும் சேர்த்துக்கொள்வார். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். என் படங்களை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் எருக்கம்பூப் படம் ஒன்றைக் கொடுத்தேன். எனக்கே பிடித்த படம். கொசஸ்தலை ஆற்றங்கரையில், கழிமுகத்துக்குக் கொஞ்சம் மேற்கே எடுத்தது. எருக்கைப் பூவாக மதிக்கிறவர்கள் குறைவு. கபிலரே புறநானூற்றில் அதை நல்லதிலும் சேராத, கெட்டதிலும் சேராத பூ என்றுதான் சொல்கிறார். ஆனாலும் கையில் இருப்பது அதுதான் என்று கொடுத்தால் கடவுள் வேண்டாம் என்று சொல்லாது என்கிறார். அருகில் போய்ப் பாருங்கள், நடுவில் கிரீடம் மாதிரி எழும்பி நிற்கும் அமைப்பும், மடங்கிக் கிடக்கும் ஐந்து இதழும், மெழுகு மாதிரி ஊதாவும். அந்தப் படத்தில் கொத்தின் அடிப்பக்கம்கூட நிழல் இல்லாமல், மொட்டுகளின் கீழ் வளைவு வரைக்கும் மிருதுவாகத் தெரிந்தது. நண்பர்கள் எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். எண்ணூர் வெளிச்சமே தனி என்று நானும் ஏதோ எழுதியிருந்தேன்.

அப்பா பார்த்தார். கீழ்ப் பகுதிக்கு வந்து நின்றார். மறுபடி மேலே போய் மறுபடி கீழே வந்தார்.

"கீழ யாருடா தெர்மோகோல் புடிச்சது?"

"யாரும் இல்லப்பா. நான் தனியாத்தான் போனேன்."

"சும்மா சொல்லாத. கீழருந்து லைட் வருது. மொட்டுக்கு அடியில பாரு. ஃபில் குடுக்காம இது வராது."

"சூரியன்தான்பா. வேற எதுவும் இல்ல."

"சூரியன் மேலருந்துதான வரும்" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அதே இடத்துக்குப் போனேன். அதே எருக்கு. முட்டி போட்டு, கேமராவைத் தொடாமல், கீழே பார்த்தேன். தரை வெளுத்திருந்தது. மணல் மாதிரி இருந்தாலும் மணல் இல்லை. மழை பெய்து காய்ந்து மேலே ஓடு கட்டிய சாம்பல். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் மிச்சமாவது. தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் பல வருடங்களாக ஒழுகி ஆற்றுப் படுகையில் சாம்பல் படிந்தது ஊரறிந்த விஷயம். பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்கு போனது. 2017 தொடக்கத்தில் டி.எம். கிருஷ்ணா இந்த ஆற்றங்கரையில் நின்று புறம்போக்கு பற்றிப் பாடினார். எனக்கு இது எல்லாம் தெரியும். அந்த வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்பியவன் நான். தெரிந்துகொண்டே அதன் மேல் முட்டி போட்டு, அது திருப்பிவிட்ட வெளிச்சத்தில் படம் எடுத்திருக்கிறேன். பறக்கும் சாம்பலின் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். அப்பா பிடிக்கச் சொன்ன தெர்மோகோல் இங்கே ஆற்றங்கரை அளவுக்கு விரித்து வைத்திருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கேமரா தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கும். அதனால்தான் வெள்ளைச் சுவரை எடுத்தால் மங்கலாகிறது. எண்ணூரில் என் கேமரா அளவு தவறுவதே இல்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். எப்படித் தவறும்?

*

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது தெரிந்து சரியாக ஒரு மாதத்தில் காலண்டர் அச்சடிக்கும் ஒருவர் போன் செய்தார். அடும்புப் படம் ஒன்றைக் கேட்டார். பரந்து எடுத்தது, கொடி, மணல், பின்னால் கடல். வலது ஓரத்தில் ஒரு குழாயும் மங்கலாக ஒரு புகைபோக்கியும் இருந்தன. "அது மட்டும் வேணாம் சார், வீட்டுல மாட்டறது பாருங்க" என்றார். வெட்டிக் கொடுத்தேன். வெட்டியதில் படம் இன்னும் நன்றாகவே இருந்தது. மூவாயிரம் ரூபாய் வந்தது. அப்பாவின் சொட்டு மருந்துக்கு ஆனது. அந்தக் காலண்டர் எங்கள் வீட்டிலேயே மாட்டியிருந்தது, மே மாதம்.

வெட்டாமல் எடுத்துப் பார்ப்போம் என்று பிறகு முயன்றேன். இரண்டடி, நாலடி, பத்தடி பின்னால் போனேன். குழாய் வந்தது, டவர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது, பூ காணாமல் போனது. படங்கள் எல்லாம் ஒரு மாசுக்கட்டுப்பாட்டு அறிக்கையின் பின்னிணைப்பு மாதிரி இருந்தன. பூ சின்னது, புகைபோக்கி பெரியது. ஒரே படத்தில் இரண்டுக்கும் நியாயம் செய்ய எனக்கு வரவில்லை. இப்போதும் முழுசாக வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கழிமுகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்னால் 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினார்கள், நாடே பார்த்தது. இந்த முறை எண்ணெய் வீட்டுச் சுவர் வரை ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு போனேன். கண்டல் செடிகளில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. கண்டல் வேர் சேற்றுக்கு வெளியே விரல் விரலாக நீட்டி மூச்சு விடும். அந்த விரல் ஒவ்வொன்றுக்கும் தார் பூசியிருந்தது. படகில் இருந்து ஒருவர் மக்கால் எண்ணெயை வழித்து டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. காலை வெளிச்சம் அன்றைக்கு அற்புதமாக இருந்தது, எண்ணெய்ப் படலத்தில் ஏழு நிறமும் ஓடியது. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஒரு பக்கம் தோன்றுகிறது.

கூடைக்கார ஆயாவை அன்று கரையில் பார்த்தேன். முன்பு ஒருமுறை அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன், ஆற்றில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவிப் பிடித்த இறால். கூடை காலி. "இன்னிக்குப் பூ இல்லையா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை அந்தக் கேள்வியில். என்னிடம் பதிலும் இல்லை. "இறங்குனா கால் எரியுதுப்பா" என்றார்.

அடுத்த கோடையில் ஒரு கண்டலில், கறுப்புக் கோட்டுக்கு மேலே, மஞ்சளாகக் குட்டிக் குட்டிப் பூ. தேனீ வந்திருந்தது. எல்லாச் செடியும் பூக்கவில்லை, அது பூத்தது. கறுப்புக் கோடும் பூவும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. நான் எடுத்ததில் பாதியாவது சரியாக வந்த படம் அது ஒன்றுதான். வெளிச்சம் சுமார். மேகமூட்டம்.

*

திருவொற்றியூர்க்காரர்களுக்குக் கண் போன கதை ஒன்று கட்டாயம் தெரிந்திருக்கும். சுந்தரர் இங்கே சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்டார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னதியில் செய்யும் சத்தியம் பலிக்காமலிருக்க, அந்த நேரத்துக்கு நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்கிறார். சிவன் சங்கிலியார் கனவில் போய், மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் வசந்தம் வந்தது, திருவாரூர் ஞாபகம் வந்தது, சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. ஒரு கண் காஞ்சியில் திரும்பக் கிடைத்தது, இன்னொன்று திருவாரூரில்.

அப்பா பக்திமான் இல்லை. ஆனாலும் அந்த மரத்தடிக்குப் போக வேண்டும் என்று போன தையில் கேட்டார். தியாகராஜர் கோயில் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மகிழம்பூ உதிர்ந்து கிடந்தால் பொறுக்கிக் கையில் வைத்துக்கொள்வார். காய்ந்தாலும் வாசனை போகாத பூ. அன்றைக்கு நாலைந்து கிடைத்தன. மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, படம் பார்ப்பது போலவே, அடியிலிருந்து மேலே வரை பார்த்தார்.

"அவருக்கு ஒரு கண்ணு ஒரு கண்ணா திரும்ப வந்துது. எனக்கு ஓரத்துலருந்து போவுது" என்றார். பிறகு, "நீ பூ எடுக்கற எடத்துக்கு ஒருநாள் கூட்டினு போடா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனேன். நெட்டுக்குப்பம் பக்கம், கல்லுக்கு நடுவில் மணல் ஒதுங்கிய ஒரு இடம். அடும்பு அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பூ விரித்திருந்தது. அப்பாவை ஒரு கல்லின் மேல் உட்காரவைத்தேன். தன் கையோடு கொண்டுவந்த துணிப்பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார். பழைய காலண்டர் அட்டை, பின்பக்கம். "தெர்மோகோல் இல்ல. இது போதும்" என்றார்.

சூரியன் ஏறியது. நான் படுத்தேன். அவர் அட்டையைப் பூவுக்குக் கீழே சரித்துப் பிடித்தார். கை லேசாக நடுங்கியது, ஆனால் கோணம் தப்பவில்லை. பூவின் கழுத்துக்குள் வெளிச்சம் போய் விழுந்ததை வியூஃபைண்டரில் பார்த்தேன்.

"பூவு தெரியுது. பூவு நல்லாத் தெரியுது" என்றார். "சுத்தி என்னடா இருக்கு? எனக்குக் கறுப்பா இருக்கு. சொல்லு."

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். இடது பக்கத்திலிருந்து தொடங்கினேன். கல்லு. கல்லு மேல காய வெச்ச வலை, பச்சை. ஒரு படகு கவுத்துப் போட்டிருக்கு, பேர் அழிஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி கழிமுகம், தண்ணி இறங்கியிருக்கு. ஒரு ஆள் இடுப்பளவு தண்ணில நிக்கறாரு. கொக்கு நாலு. அப்புறம் குழாய். அப்புறம் புகைபோக்கி.

"எத்தினி?"

எண்ணினேன். சொன்னேன்.

"எல்லாம் போவுதா புகை?"

"ஒண்ணுல போவுது."

"எந்தப் பக்கம் சாயுது?"

"நம்ம பக்கம் இல்ல. கடல் பக்கம்."

"அப்ப இன்னும் கடல்காத்து வரல" என்றார். அட்டையை அரை அங்குலம் உயர்த்தினார். "வரதுக்குள்ள எடு."